ஒன்பது நாற்பது மதுரை வண்டி

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. நாங்கள் அப்போது ராஜபாளையத்துக்குக் கொஞ்சம் வெளியே, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் குடியிருந்தோம். ஒன்பதாம் வகுப்பு இரண்டு வருஷமாக என்னை விடவில்லை. மூன்றாவது வருஷம் நானே அதை விட்டுவிட்டேன். வேலை வெட்டி கிடையாது. ஒரே ஒரு வித்தைதான் கைவசம். இரண்டு விரலை வாயில் வைத்துக் கண்டக்டர் மாதிரியே விசில் அடிப்பேன். போகிற பஸ் பிரேக் போட்டு நிற்கும். கண்டக்டர் இறங்கிப் பார்ப்பதற்குள் நான் பருத்திக்காட்டுக்குள் இருப்பேன்.

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்கு நூல் மில்லில் வேலை. வார லீவு வந்தால் பெயின்ட் டப்பாவோடு கிளம்பிவிடுவார். பாலம், பாறை என்று ஒன்றையும் விடாமல் ‘இயேசு சீக்கிரம் வருகிறார், ஆயத்தமாயிரு’ என்று எழுதுவார். டப்பா தூக்குவது நான்.

“போன வருசமும் சீக்கிரம்னுதான எழுதுனீய அத்தான்? பஸ்ஸ விட்டுட்டாரோ?” என்று கேட்டுக்கொண்டே தூக்குவேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதுவார்.

எங்கள் ஸ்டாப்பிங் பக்கத்துச் சுவரில் எழுதிய அன்று, அவர் முன்னால் வீட்டுக்குப் போய்விட்டார். பிரஷ் கழுவ நின்ற எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மிச்சமிருந்த நீலப் பெயின்ட்டில், அவர் எழுத்து மாதிரியே, அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘காலை 9.40, மதுரை வண்டி.’

மறுநாள் பஸ்ஸுக்கு நின்ற ஜனம் பூராவும் சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சபையில் அத்தானைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டவர் வருகிற நேரம் யாருக்கும் தெரியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, நேரம் குறிக்க நீ யார் என்று ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் கத்தினார். அத்தான் தலையைக் குனிந்து நின்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும், “இப்பவே போயி அழிச்சிருதேன் அத்தான்” என்றேன்.

“செத்த பொறு மாப்ள. நேரம் குறிச்சிட்ட. கூப்பிட ஆளு போகலன்னா நல்லாவா இருக்கும்? ஒரு வாரத்துக்கு டெய்லி ஒம்பது நாப்பதுக்கு நீயும் வார, நானும் வாரேன். பொறவு அழிப்போம்.”

“வெளயாடாதீய அத்தான்.”

“வெளயாண்டது யாருலே?”

அந்த வாரம் அவருக்கு இரண்டாவது ஷிப்ட். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தினமும் வந்து நின்றார். வண்டி வந்ததும் முதல் சன்னலிலிருந்து கடைசிச் சன்னல் வரை ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். என்னையும் பார்க்க வைப்பார். “எந்த சீட்டுல வருவாரோ, ஒண்ணையும் விட்றாத.”

“இன்னைக்கும் டிக்கெட் கெடைக்கல போல அத்தான்” என்பேன் நான். மூன்றாம் நாள் கண்டக்டரே, “என்ன, ஒங்காளு பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கிட்டாரோ?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள். வழக்கம்போல நக்கலடித்துக்கொண்டே சன்னல் சன்னலாகப் பார்த்தேன். கடைசிச் சன்னலில் மூன்று வயசுப் பெண் பிள்ளை ஒன்று, கம்பியில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. முன்வாசலில் ஒரு அம்மா இரண்டு மூட்டையோடு இறங்கினார். பின்வாசலில் ஒரு பையன் தகரப்பெட்டியோடு குதித்தான். இரண்டு விசில். வண்டி கிளம்பிவிட்டது.

“ஏலே, பாப்பா எங்க?” என்றார் அந்த அம்மா.

“ஒங்கூடல்லா வந்தா?” என்றான் அந்தப் பையன்.

மூட்டை இரண்டும் கீழே விழுந்தன. அது மதுரையிலிருந்து வந்து செங்கோட்டை வரை போகிற வண்டி. வழியில் எந்த ஊரில் யார் கையைப் பிடித்துப் பிள்ளை இறங்கினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. அந்த அம்மா வண்டிக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தார்.

என் விரல் தானாக வாய்க்குப் போனது. ஒரே ஒரு விசில். வண்டி குலுங்கி நின்றது.

“எவம்லே அது?” என்று கண்டக்டர் பாய்ந்து இறங்கினார். பஸ்ஸை நிறுத்திவிட்டு நான் ஓடாமல் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“நாந்தான். கடைசி சீட்டுல இவிய பிள்ள இருக்கு.”

திட்ட வந்தவர் திரும்பி ஏறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது கண்ணைத் திறந்து, ஒரு செருப்பைக் காணோம் என்று அழ ஆரம்பித்தது. அந்த அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினார். அத்தானைப் பார்த்தேன். ஏதாவது பிரசங்கம் பண்ணுவார் என்று நினைத்தேன்.

அவரோ, “எல்லா சன்னலயும் பாத்துட்டியா மாப்ள? வண்டி போயிரப் போவுது” என்றார்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, “சுவத்துல எழுதுனது எங்க அத்தான் இல்ல, நாந்தான்” என்று சொன்னேன். ஒரு தடவை ஓடாமல் நின்று பழகிவிட்டதால் அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. சாயங்காலமே மண்ணெண்ணெயும் துணியுமாகப் போய், நான் எழுதியதை மட்டும் அழித்தேன்.

அத்தான் யாருக்காகக் காத்திருக்கிறாரோ அவர் எப்போது வருவார், எந்த சீட்டில் வருவார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது; ஆனால் எந்த ஊர் ஸ்டாப்பில் நின்றாலும், வருகிற வண்டியைக் கடைசிச் சன்னல் வரை பார்க்காமல் நான் விடுவதில்லை.