ஹாடிர் என்று சொன்ன காலை

இதை எழுத எனக்கு நாலு வருஷம் தயக்கம். பல தடவை விளக்கேற்றி வைத்துவிட்டுத் தாளை எடுப்பேன், அப்படியே மடித்து அம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவிடுவேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மலேசியாவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருக்கிறோம். கொரோனா நோய்க்காலத்தில் மகளுக்குக் கைப்பேசியில்தான் பாடம். காலையில் டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பிள்ளைகள் "ஹாடிர்" என்று சொல்ல வேண்டும். மலாய் மொழியில் 'வந்திருக்கிறேன், இங்கே இருக்கிறேன்' என்று அர்த்தம்.

ஒருநாள் அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரரை ஏற்றிப் போக ஆம்புலன்ஸ் வந்தது. மூச்சு வாங்கினாலும் அவரே நடந்து வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"பாப்பா, அப்பா போய்ட்டு வரேன்."

மகள் எழப் போனாள். நான்தான் கையைக் காட்டினேன், உட்கார் என்று. கைப்பேசியில் அவள் பெயர் வந்துவிட்டது. அப்பாவைப் பார்த்துக்கொண்டே, "ஹாடிர், டீச்சர்" என்றாள்.

"படிக்கட்டும், விடு," என்று அவர் சிரித்தார். லிஃப்ட் மூடியது. அவர் திரும்பி வரவில்லை.

பள்ளி திறந்தது. முதல் நாள் போனாள். பெயர் கூப்பிட்டபோது அவள் வாய் திறக்கவில்லையாம். வகுப்பில் உட்கார்ந்திருந்தவளை வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். மறுநாளிலிருந்து காலையில் குளிப்பாள், சீருடை போடுவாள், தலை பின்னுவாள். வாசல் வரை வந்து, அவர் செருப்பு மாட்டிய அந்த இடத்தில் நின்றுவிடுவாள். பள்ளி பஸ் கீழே ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும்.

கீழ்வீட்டு அக்கா கேட்பார். "என்னா, மகாராணிக்கு இன்னும் லீவு முடியலையா? கொரோனாவே போயிருச்சு லா!"

நானும் சோம்பேறி என்று திட்டினேன். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தேன். கண்ணேறு என்று நினைத்துக் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினேன்.

பள்ளியிலிருந்து ஆலோசனை டீச்சர் ஒரு ஃபாரத்தோடு வந்தார்.

"அக்கா, ஏன் வரலைன்னு எழுதணும். பஸ் பிரச்னையா? உடம்புக்கு முடியலையா? கூடப் படிக்கிற பிள்ளைங்க கேலி பண்றாங்களா?"

மகள் அறைக் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். நான், "பஸ்தான் டீச்சர்," என்றேன். கும்பிடுகிற கையாலேயே கையெழுத்தும் போட்டேன்.

அன்றிலிருந்து விளக்கேற்றும்போதெல்லாம் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால், வெளியே அவர் செருப்பு வைத்த இடத்தில் வெறும் தரைதான். சாமி முன்னால் நிற்கவே பயமாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவள் மறுபடி வாசலில் நின்றபோது என்னால் முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீ எழுந்தே. உட்காருன்னு கை காட்டினது நான்தான்டா."

"தெரியும்மா," என்றாள். "நீங்க சொல்லவே இல்லை. நானாதான் எழுந்திருக்கலையோன்னு எனக்கே சந்தேகமாயிருச்சு. அப்பா போறாரு, நான் யார்கிட்டயோ 'இருக்கேன்'ங்கறேன். அந்த வார்த்தை திரும்ப வாயில வரலம்மா."

அடுத்த திங்கட்கிழமை நானே பள்ளிக்குப் போய் அந்த ஃபாரத்தை மாற்றச் சொன்னேன். பஸ் இல்லை, இதுதான் என்று ஆலோசனை டீச்சரிடம் அழுதுகொண்டே சொன்னேன். இப்போது பெயர் கூப்பிட்டால் அவள் கையை மட்டும் தூக்குகிறாள். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் போகிறாள். மற்ற நாட்களில் வாசலில் நிற்கிறாள். நானும் கூட நிற்கிறேன். அந்தச் செருப்புச் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

பள்ளிக்குப் போகாத பிள்ளை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். அம்மன் குணமாக்கினாள் என்று சேர்க்க வேண்டாம், அவளுக்கே உண்மை தெரியும். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். கை காட்டியது தாய்தான் என்ற இடத்தை அப்படியே சொல்லுங்கள்.