ரெண்டாவது தட்டு

சிறுமலைக்கு ஏறும் அந்தப் பழைய பாதை, வெள்ளைக்காரன் காலத்தில் காப்பித் தோட்டத்துக்காக வெட்டியது. குதிரைக்கு வெட்டியதில் நாங்கள் ஜீப் ஓட்டினோம். தார் கிடையாது. பாறையும் செம்மண்ணும்தான். எழுபத்தொன்பது வாக்கில் மதுரையிலிருந்து அரிசி, உரம் ஏற்றிப் போவேன். இறங்கும்போது வாழைத்தார்.

கூட வருவது அக்கா வீட்டுக்காரர். கட்டை போடுவது அவர் வேலை. ஏற்றத்தில் வண்டி திணறி நின்றால் இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையை வைப்பார். வைத்ததும் வண்டியில் ஒரு தட்டு. பிறகு காலால் இறுக்கிவிட்டு ஒதுங்கி நின்று இன்னொரு தட்டு. ரெண்டாவது தட்டு கேட்காமல் நான் பிரேக்கை விடக் கூடாது. கை பிரேக் எப்போதோ போய்விட்டது.

அது ஐப்பசி. மூன்றாவது வளைவில் வண்டி நின்றது.

“ஒன் வண்டிக்கு ஒங்க அக்காவே தேவல மாப்ள. நாலு தடவ சொன்னா நகருவா.”

“பேசாம கட்டையப் போடுங்க மச்சான். மழை இறங்கப் போகுது.”

ஒரு தட்டு விழுந்தது. மேலே இருட்டிக்கொண்டு வந்தது. மண் நனைந்தால் ஏற முடியாது. அந்த நினைப்பில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி ஒரு சாண் பின்னால் போய் நின்றது. கட்டையில் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் கத்தினார். சக்கரம் கட்டையைத் தள்ளிவிட்டுக் காலில் ஏறியிருந்தது.

“முன்னாடி எடு மாப்ள. அணைஞ்சிராம எடு.”

இன்ஜின் அணைந்தால் வண்டி மறுபடி அவர் மேலேதான் வரும். எடுத்தேன். வண்டி பாறையைப் பிடித்து ஏறி நின்றது.

கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு மூட்டைகளை அங்கேயே தள்ளினேன். திருப்ப இடமில்லை. அரை மைல் ரிவர்ஸில் இறங்கினேன். துண்டால் காலைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

“கட்டை வழுக்கிருச்சுன்னு சொல்லு.”

“மச்சான், நான்தான் அவசரப்பட்டு...”

“தெரியும்டா. பாதையப் பாரு.”

பெரியாஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். அக்கா ஓடி வந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொல்லிவிட்டார், கட்டை வழுக்கிவிட்டதென்று. அவள் அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, கையைத் தடவிப் பார்த்தாள்.

“ஒனக்கு ஒண்ணும் ஆகலேல்ல?”

இல்லை என்று தலையாட்டினேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.