என் பலாமரத்துக்குப் போக அனுமதி

சத்தியமாகச் சொல்கிறேன், இன்று நடந்ததை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை.

மாத்தளைப் பக்கம் அலுவிகாரையில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் அரண்மனையில் (இரண்டு அறை, ஒரு குசினி) ஒரு பலாமரம் உண்டு. ஒவ்வொரு காயும் ஒரு லொறி அளவு. விடிந்ததும் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்ப் பறிப்பது என் வழக்கம்.

இன்று காலை, வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் அமர்த்தியிருக்கும் மேனேஜர் மாலினி போன் எடுத்தார்.

“ஐயா, டீச்சர் குடும்பம் வீட்டை விட்டுப் போறாங்களாம்.”

பூமி சுற்றுவது நின்றது. அப்படிப்பட்ட நல்ல மனிதர்கள் குடிவர நான் ஏழு ஜென்மம் தவம் கிடந்தவன்.

“ஏன் பிள்ள?”

“நீங்கதான் காரணம். சொல்லாம கொள்ளாம கத்தியோட முற்றத்துல வந்து நிக்கிறீங்க. புள்ளைங்க பயப்படுது.”

“மரம் என்னோடதும்மா!”

“மரம் உங்களோடது. முற்றம் இப்ப அவங்களோடது. போன் பண்ணி, வரலாமான்னு கேளுங்க.”

கேட்டேன். பின்னேரம் வரச் சொன்னார்கள். கேட்டுக்கு வெளியே மணியடித்துவிட்டுக் கைகட்டி நின்றேன். டீச்சரே வந்து கேட்டைத் திறந்தார். பறித்த காயில் பாதியை வெட்டி அவரிடம் கொடுத்தேன்.

“இப்படி வந்தீங்கன்னா நாங்க ஏன் அங்கிள் போறோம்?” என்றார்.

மாத்தளை மலைகள் எழுந்து நின்று கைதட்டின.

சரி, வழக்கம்போல் கொஞ்சம் அளந்துவிட்டேன். ஆனால் என் சொந்த கேட்டுக்கு வெளியே, மணியடித்துவிட்டுக் கைகட்டி நின்றேனே, அந்தச் சின்னப் பகுதி மட்டும் உண்மை. வீட்டுச் சொந்தக்காரர்களே, உங்களில் யாருக்கு இந்த வீரம் உண்டு?