ஆக்கிரமிப்பு என்று நான் எழுதிய வீடு

தி. நகரில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு அந்த வேலை வந்தபோது நான் அங்கே சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சைதாப்பேட்டையில், ஆற்றை ஒட்டிய ஒரு தெருவின் கடைசியில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். அது வந்தால் எத்தனை வண்டிகள் கூடும், தெரு தாங்குமா என்று பார்த்து நாங்கள் அறிக்கை தர வேண்டும். அனுமதி கொடுப்பவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

மூன்று நாள் காலையும் மாலையும் தெருமுனையில் நின்று வண்டிகளை எண்ணினேன். முனை வீட்டில் ஓர் அக்கா இருந்தார். பாண்டி பஜார் புடவைக் கடைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர். வாசலிலேயே தையல் மிஷின். முதல் நாளே, வெயிலில் நிற்காதே என்று தன் வாசல் நிழலுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

"இன்னாத்துக்கு கண்ணு வண்டிய எண்ணிக்கினு கீற?"

"புதுசா பில்டிங் வருதுக்கா. இந்த ரோடு தாங்குமான்னு பார்க்கணும்."

"தாங்காது. அத்தயே எழுதிக் குட்த்துட்டு வூட்டுக்குப் போ."

இருவரும் சிரித்தோம். கடைசி நாள் தெருவின் அகலத்தை அளக்க வேண்டியிருந்தது. என்னோடு வரவேண்டியவர் வரவில்லை. டேப்பின் மறுமுனையை அந்த அக்காதான் பிடித்தார். அவர் வீட்டருகே தெரு சட்டென்று குறுகியது. லாரி ஒன்று நுழைந்தால் எதிரே வரும் ஆட்டோ பின்னால் போய்த்தான் ஆக வேண்டும்.

அறிக்கையின் கடைசிப் பகுதி பரிந்துரைகள். பழைய அறிக்கை ஒன்றைத் திறந்து, இடத்தின் பெயரை மாற்றி எழுதுவது எங்கள் வழக்கம். அப்படித்தான் அந்த வரியும் வந்து சேர்ந்தது: 'தெருமுனையில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றினால் தேவையான அகலம் கிடைக்கும்.' எழுதிய நேரத்தில் அந்த அக்காவின் முகம்கூட என் நினைவுக்கு வரவில்லை. சாப்பிடப் போகும் அவசரத்தில் இருந்தேன்.

சில மாதம் கழித்து, இன்னொரு முறை எண்ணித் தரச் சொன்னதால் அங்கே போனேன். முனை வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஓர் எண், ஓர் அம்புக்குறி. அடுத்த இரண்டு வீட்டுச் சுவரிலும் அப்படியே. என்னைப் பார்த்ததும் அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேள நீ வந்த கண்ணு. வூட்ட இடிக்கணும்ன்றாங்கோ. இந்தப் பேப்பரக் காட்டித்தான் சொல்றாங்கோ. இங்கிலீசுல கீது. இன்னா எழுதிக்கீதுன்னு படி."

ஜெராக்ஸ் காகிதம். என்னுடைய வரி. அதன் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். எப்படியோ அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். பிறகு, "இதை எழுதினது நான்தான்க்கா" என்றேன்.

அவர் சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையை விட்டார்.

"ஆக்கிரமிப்பா? எனக்குப் பட்டா கீதே! மூணு நாளு என் வாசல்லயே குந்திக்கினு இருந்தியே, ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. அவர் உள்ளே போய் பட்டாவைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார். என் கையில் தரவில்லை. வைத்த இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டேன்.

நேராக அலுவலகம் போய் எங்கள் மேலதிகாரியிடம் சொன்னேன். "அது எல்லா ரிப்போர்ட்லயும் இருக்கிற வரிதானேம்மா. அதையெல்லாம் யார் படிக்கப் போறாங்க?" என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"படிச்சுட்டாங்க சார்."

விசாரிக்காமல் எழுதிவிட்டேன், தவறு என்னுடையது என்று நானே கையெழுத்திட்டு, பட்டாவின் படத்தோடு அனுமதி கொடுப்பவர்களுக்குத் திருத்தக் கடிதம் கொடுத்தேன். மேலதிகாரி வேண்டாம் என்றார், ஆனால் தடுக்கவில்லை. அக்காவின் வீடு தப்பியது. பக்கத்து இரண்டு குடும்பங்களிடம் காகிதம் எதுவும் இல்லை. வீடுகளை இடித்து, அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அதில் ஒன்று அக்காவின் நாத்தனார் குடும்பம். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போனபோது அக்கா தைப்பதை நிறுத்தவில்லை. "சரி, போ" என்று மட்டும் சொன்னார்.

'எல்லா ரிப்போர்ட்லயும்' என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. நான் தயாரித்த பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஐந்தில் அதே வரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முதலில் ஆதம்பாக்கம் போனேன். நான் எழுதிய முனையில் புதுக் கட்டடம் ஒன்று நின்றது. வாசலில் இருந்த வாட்ச்மேனிடம், "இந்த ஓரத்துல முன்னாடி யார் இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. நான் வேலைக்கு வந்தப்பவே ரோடு இப்படித்தான் இருந்துச்சு."

ஸ்கூட்டரை விட்டு இறங்கி நின்றேன். இரண்டு லாரிகள் ஒன்றையொன்று தாராளமாகக் கடந்து போயின. நான் கேட்டிருந்த அகலம் முழுசாக அங்கே இருந்தது.