இடிச்சது நான்தாங்கய்யா

முதல் காரியமாக விபத்து நடந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிடுவார் கொளஞ்சி. ரத்தத்தின் மேல் அதற்குள் மண் போட்டிருப்பார்கள். லாரி எந்தப் பக்கம் உரசியது, கண்ணாடி எங்கே சிதறியது என்பதையெல்லாம் மனசில் ஏற்றிக்கொண்டால்தான் ஸ்டேஷனில் தடுமாறாமல் சொல்லமுடியும். இடித்த நேரத்தில் அவர் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார்.

அதுதான் பிழைப்பு. சுண்ணாம்புக்கல் லாரி ஆளைத் தூக்கிவிட்டு, ஓட்டியவனிடம் லைசென்சும் இல்லையென்றால், முதலாளி மணிவண்ணனிடமிருந்து போன் வரும். கொளஞ்சி போய், “இடிச்சது நான்தாங்கய்யா” என்று நிற்பார். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டே பல வருஷமாகிறது. லைசென்ஸ் மட்டும் உயிரோடு இருக்கிறது.

பஞ்சர் கடை மாடியில் ஒரு ரூம், ஒரு பாய். வெளுத்த சட்டை கோர்ட்டுக்கு, மற்றது மற்ற நாளுக்கு. பெண்டாட்டி உடையார்பாளையத்தில் அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். “சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்குறதுக்கு இதுவும் ஒரு ஜோலிதானுங்க” என்பார். செத்தவன் வீட்டார் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அதையும் வாங்கிக்கொண்டு, கோர்ட்டு வாசலிலேயே தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வருகிற மனுஷன். என்ன ஜென்மமோ!

போன மாசம் கீழப்பழுவூர்க்காரர் ஒருவர் செத்த கேஸுக்கு வாய்தா. சைக்கிளில் போனவரை இடித்துவிட்டு லாரியை அப்படியே விட்டு ஓடியவன் மணிவண்ணனின் மச்சினன். கோர்ட்டு வராந்தாவில் செத்தவரின் மனைவி அம்சவள்ளி நேரே கொளஞ்சியிடம் வந்தாள். வழக்கம்போலத் திட்டு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை.

“அண்ணே, நீங்கதான பக்கத்துல இருந்தது. உசுரு போறப்ப எதாச்சும் சொன்னாரா?”

வேகம், பிரேக், ஹாரன் எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அங்கே இல்லையம்மா என்றால் பழைய கேஸெல்லாம் கிளம்பும், ஜெயில்தான். ஒன்றும் சொல்லவில்லை என்றால் இவள் அதை வைத்துக்கொண்டு எப்படி வீட்டுக்குப் போவாள்? அந்த மனுஷன் ரோட்டோரத்தில் ஒண்டியாகக் கிடந்துதான் செத்திருக்கிறார்.

“தண்ணி கேட்டாரும்மா.”

“குடுத்தீங்களா?”

“குடுத்தேன். குடிச்சாரு.”

“ஒங்க கையாலயா?”

அவர் தலையாட்டினார். அம்சவள்ளி அந்த வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார் கொளஞ்சி. அவள் விடவில்லை.