இருபத்திரண்டு பொய்ப் பெயர்கள்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு அம்மா என்னைக் குசினிக்குள், அடுப்புப் பக்கம் இழுத்துப் போய் காதுக்குள் ஒரு விஷயம் சொன்னார். எல்லாம் பிழையாகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான்.

"கதவு திறக்கிற ஆக்களிட்ட உண்மைப் பேரை எழுத வேண்டாம் எண்டு சொல்லு. ஏதாவது ஒரு பேரைப் போடட்டும். அந்தப் பிள்ளைக்கு விளங்காமல் தமிழில சொல்லு."

அந்தப் பிள்ளை என்றது, முன்னறையில் சித்தப்பாவோடு இருந்த பல்கலைக்கழக மாணவியை. அவளை நான் கண்ணாடியக்கா என்பேன். சித்தப்பா பிரெஞ்சு படித்த வகுப்பில் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்க வந்தவள். சித்தப்பாவின் அகதி விண்ணப்பத்தை மறுத்து, அவரைத் திருப்பி அனுப்பும் திகதியையும் குறித்துவிட்டார்கள் என்று அறிந்ததும், தன் யூத மாணவர் சங்கத்தையே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். மனு எழுதினார்கள். பனிக்குள் பதாகை பிடித்தார்கள். தங்கள் வகுப்புகளிலும் தொழுகைக்கூடத்து வாசலிலும் நின்று நூற்றுக்கணக்கான கையெழுத்துகள் வாங்கினார்கள். இனி அக்கம்பக்கத்தவர்கள், "இவரை எங்களுக்குத் தெரியும், நல்ல மனிதர்" என்று பெயரும் முகவரியும் போட்டுக் கையொப்பமிட வேண்டும். அதோடு மனு அமைச்சர் அலுவலகத்துக்குப் போகும்.

அம்மாவுக்கு அவர்களை விளங்கவே இல்லை.

"எங்கட சனமுமில்லை, எங்கட சமயமுமில்லை. பிறகேன் இந்தக் குளிருக்க அலையினம்?"

"அவையளும் ஓடி வந்த ஆக்களின்ர பிள்ளையள்தானாம், அண்ணி," என்றார் சித்தப்பா.

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தில் நாலு மாடி. பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள். ஊரில் பெயர் எழுதிய தாள் என்றால் என்ன நடக்கும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆமிக்காரர் அந்தத் தாளோடு விடியக்காலையில் வருவார்கள், பெயரை வாசிப்பார்கள், வாசிக்கப்பட்டவன் ஜீப்பில் ஏறுவான். எனக்கு அப்போது பத்து வயது. இது எதுவும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா சொன்னதை ஒரு விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடியக்கா ஒவ்வொரு கதவிலும் புன்னகையோடு பிரெஞ்சில் விளக்குவாள். நான் தமிழில் மொழிபெயர்ப்பேன். கடைசியில் அதே குரலில், "உண்மைப் பேர் வேண்டாமாம், அம்மா சொன்னவ," என்று சேர்ப்பேன். சனத்தின் முகம் உடனே வெளிக்கும்.

"அப்ப என்ர மாமனாரைப் போடுறன்," என்றார் மூன்றாம் மாடி அண்ணை. "அந்தாள் செத்துப் பத்து வருசம். இனி ஆர் பிடிக்கிறது?"

"உயிரோட இருக்கேக்க ஒருத்தருக்கும் உதவாத மனுசன்," என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "இப்பவாவது உதவட்டும்."

கண்ணாடியக்காவும் சேர்ந்து சிரித்தாள். அன்பான மனிதர்கள் என்று என்னிடம் சொன்னாள். ஒருவர் தன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் பெயரைப் போட்டார். ஒரு அக்கா, தன்னைப் பெண்பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவனின் பெயரைப் போட்டுப் பழிதீர்த்துக்கொண்டார். முகவரியை மட்டும் எல்லோரும் சரியாக எழுதினார்கள். அந்தக் கதவு இலக்கத்துக்கு நேரேதானே கண்ணாடியக்கா நின்றாள். கீழ்மாடியில் இருந்த ஹெய்ட்டிக்காரப் பெண்மணி மாத்திரம் தன் சொந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தார். எங்கள் கட்டடத்தில் கிடைத்த உண்மையான கையெழுத்து அது ஒன்றுதான். எங்கள் ஆட்களுடையவை இருபத்திரண்டு. எண்ணிப் பார்த்துக் கண்ணாடியக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள்.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் என் மகள் ஒரு தாளை என் முன்னால் நீட்டினாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். யாரோ ஒரு அகதிக் குடும்பத்துக்காக யூதப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இவளும் சேர்ந்து மேசை போட்டுக் கையெழுத்து வாங்குகிறார்களாம். "அம்மா, நீங்கதான் ஃபர்ஸ்ட். ஜஸ்ட் உங்கட பேர்," என்றாள். நான் இந்த நாட்டுப் பிரஜை. வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. முதல் எழுத்துக்கு மேல் என் கை நகரவில்லை. மகள் என்னை ஒரு கோழையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவள் வீடு வந்து சேரும்வரை எனக்கு இருப்புக்கொள்வதில்லை. அவளுடைய பெயர் எத்தனை தாள்களில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே ஜன்னலடியில் நிற்கிறேன்.

அன்று, என் பத்து வயதில், அந்த இருபத்திரண்டு பெயர்களும் போய் மூன்று கிழமைக்குப் பிறகு அமைச்சர் அலுவலகத்திலிருந்து, மனுவில் கையெழுத்திட்டவர்களுக்குக் கடிதங்கள் வந்தன. உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்டிருந்தார்கள் போல. மாமனாரின் பெயரில் அரசாங்க உறை வந்ததும் மூன்றாம் மாடி அண்ணைக்கு வியர்த்துவிட்டது. "இப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று உறையின் மேல் எழுதித் திரும்பத் தபாலில் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். பிரெஞ்சில் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று பல உறைகள் என்னிடமே வந்தன. நானும் பள்ளிக்கூடத்தில் பழகிய அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒருவர் எனக்கு மிட்டாய் தந்தார்.

மனுவைத் தள்ளிவிட்டார்கள். இருபத்திரண்டு பேர் இல்லாத ஆட்கள் என்றால் மிச்ச நூற்றுக்கணக்கானவர்களை எப்படி நம்புவது என்று கேட்டார்களாம். மாணவர் சங்கத்தைக் கூப்பிட்டுக் கண்டித்ததாகவும், ஊரார் பிரச்சினைக்குள் தலையிட்டுத் தங்கள் பெயரையும் கெடுத்துவிட்டார்கள் என்று அவர்களின் சொந்தச் சமூகத்திலேயே பெரியவர்கள் ஏசியதாகவும் பின்னாளில் கேள்விப்பட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை சித்தப்பாவுக்கு விமானம். அப்பா தான் வேலை செய்த புவாண்ட்-கிளேர் கிடங்கில் அரைநாள் லீவு கேட்டு, கிடைக்காமல், சொல்லாமலே வந்துவிட்டார். சித்தப்பா என் தலையைத் தடவி, "வடிவாப் படி," என்றார். அவர் கொழும்பில் இறங்கினார் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் தெரியாது. எழுதாத ஆளில்லை, போகாத அலுவலகமில்லை. அம்மா சாகும்வரை அந்தக் குசினி வார்த்தையைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பாவுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

விமானம் போன அடுத்த நாள், சனிக்கிழமை மத்தியானம், யாரோ கதவைத் தட்டினார்கள். அழைப்பு மணி இருக்க ஏன் தட்டுகிறார்கள் என்று யோசித்தபடி திறந்தேன். கண்ணாடியக்கா. முழங்கால் வரை பனி. கண்ணாடியில் ஆவி. நகரத்தின் அந்தப் பக்கம், கோட்-டெ-நேஜிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தே வந்திருந்தாள். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அவளுடைய சமயத்தில் அது வாகனம் ஏறாத, மணி அழுத்தாத நாள் என்பதும், ஞாயிறுவரை பொறுக்க முடியாமல்தான் நடந்து வந்தாள் என்பதும் நான் வளர்ந்த பிறகு விளங்கியவை.

நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். பிடிபட்டுவிட்டோம், இனி ஏச்சுத்தான். அவள் உட்காரவில்லை. நின்றபடியே, என்னைப் பார்த்து, மெதுவான பிரெஞ்சில் சொன்னாள். நான் அதை ஒவ்வொரு வசனமாக அம்மாவுக்குச் சொன்னேன்.

"அவவின்ர தாத்தா, யூத ஆக்களைப் பேர் வாசிச்சுப் பிடிச்ச காலத்தில தப்பி வந்தவராம், இண்டைக்கும் தன்ர வீட்டுக் கதவில சொந்தப் பேர் போடமாட்டாராம். வேற ஆரோ ஒராளின்ர பேர்தான் இருக்காம். சின்னனிலயிருந்து அதைப் பாத்து வளந்தும், எங்களிட்டப் பேர் எழுதச் சொல்லிக் கேக்கேக்க தனக்கு அந்த நினைப்பு வரேல்லையாம். தன்ர பிழையாம். மன்னிக்கட்டாம்."

அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, அவளுடைய ஈரக் கால்களைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. நான் மொழிபெயர்த்ததில் ஏதோ பயங்கரமாகக் கேட்டுவிட்டதாக்கும் என்று நினைத்து, குனிந்து அம்மாவின் காதுக்குள் சொன்னேன்:

"அவ ஏசேல்லை, அம்மா."