குதிரைக்குப் பிரேக் இல்லை

ஏழாம் வகுப்பில் படிக்கும்போது என்னிடம் இரண்டு தலைக்கவசங்கள் இருந்தன. ஒன்று குதிரைக்கு, மற்றது சைக்கிளுக்கு. கரமனையில் எங்கள் அக்ரகாரத்தில் அதுவரை தலைக்கவசம் வாங்கியவர்கள் எல்லோரும் போலீஸுக்குப் பயந்து வாங்கியவர்கள். ஆசைப்பட்டு வாங்கியவள் நான் ஒருத்திதான்.

முதலில் வந்தது குதிரை. பாப்பனங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர் சில குதிரைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுத்தார். நீச்சல் வகுப்பில் இடம் கிடைக்காததால் ஒரு பெரிய லீவில் என்னை அங்கே சேர்த்தார்கள். லீவோடு முடிந்துவிடும் என்று வீட்டில் கணக்குப் போட்டார்கள். எனக்கோ ராணி என்ற செம்பட்டைக் குதிரைமேல் பித்துப் பிடித்துவிட்டது. அடுத்த வருடம் பள்ளியில் சைக்கிள் பந்தயத்துக்கு ஆள் எடுத்தார்கள். அதிலும் போய் விழுந்தேன். ஒரு பித்து வந்தால் மற்றது போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. ராணி என் பேச்சைக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் எனக்குப் பிடித்திருந்தது. சைக்கிள் நான் மிதித்த அளவுக்கு நிச்சயமாகப் போகும். அந்த நிச்சயமும் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே திருவல்லம் பைபாஸில் சைக்கிள் பயிற்சி. அது முடிந்ததும் சைக்கிளிலேயே பாப்பனங்கோடு. பின்னால் அப்பா ஸ்கூட்டரில் வருவார். அவருடைய பையில் என் சவாரி பூட்ஸும், குதிரைத் தலைக்கவசமும், இலையில் கட்டிய இட்லியும் இருக்கும். குதிரைத் திடலின் கேட்டுக்கு வெளியே நின்று நான் ஒரு தலைக்கவசத்தைக் கழற்றி மற்றதை மாட்டிக்கொள்வேன். அப்பா கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. எதிரே பசுமாடு வந்தாலே வேறு தெரு வழியாக ஆபீஸ் போகிறவர் அவர். நான் சவாரி முடித்து வரும்வரை வெளியிலேயே நின்று, பழைய வேட்டித் துண்டால் என் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்தச் சைக்கிளில் ஒரு கீறல் விழுந்தால் அது எங்கே எப்படி விழுந்தது என்று விசாரணை நடக்கும்.

இரண்டையும் ஒரே காலையில் செய்ததில் என் உடம்பு குழம்பிப்போயிருந்தது. சைக்கிளில் மேடு ஏறும்போது என்னை அறியாமல் நாக்கைத் தட்டி ஓசை எழுப்புவேன். ஏறி முடித்ததும் ஹேண்டில்பாரைத் தட்டிக்கொடுப்பேன். உடன் ஓட்டுகிற பையன்கள் கனைத்துக் காட்டுவார்கள். ஒருநாள் பயிற்சியாளரே வண்டியை நிறுத்தி, "மோளே, சைக்கிளுக்குச் செவி இல்லா, கேட்டோ" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வீட்டில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தால் பரீட்சையில் கூடுதலாக கிரேஸ் மார்க் உண்டு, குதிரைக்கு உண்டோ என்பது அம்மாவின் கட்சி. அடுத்த வீட்டு அத்தைக்கு இரண்டுமே ஆகாது. "மாப்பிள்ளை அழைப்புக்குப் பொண்ணே குதிரையில போப்போறாளாக்கும்" என்று வாசலில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாள். அப்பாதான் எதுவும் சொல்லாமல் இருந்தார். அரைப் பரீட்சையில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்த அன்று அவரும் வாய் திறந்தார்.

"ரெண்டு தோணியில கால வெச்சா ஆத்துலதான் விழணும். டீச்சர் வெக்கற குதிரைப் பரீட்சை முடியற அன்னிக்கு எது வேணும்னு சொல்லிடு. ஒண்ணு மட்டும், கேட்டியா."

கரமனையாறு எங்கள் கொல்லைப்புறத்தில் ஓடுகிறது. அதனால் இந்தப் பழமொழிக்கு எங்கள் வீட்டில் கொஞ்சம் பலம் அதிகம். நான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. சைக்கிளை விடுவதாக நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. ராணியை விடுவதாக நினைத்துப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. இரண்டு பிள்ளையில் எந்தப் பிள்ளை வேண்டும் என்று ஒரு தாயிடம் கேட்பார்களா என்றெல்லாம் பெரிய மனுஷிபோல் யோசித்தேன். வயது பன்னிரண்டு.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பைபாஸ் பயிற்சியை விட மனமில்லாமல் அன்றும் போய்விட்டுத்தான் வந்தேன். மாவட்டப் பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்ததால் அன்று முழுக்க, எல்லைக்கோட்டை நோக்கிப் பாயும் கடைசி ஓட்டப் பயிற்சி. குனி, இன்னும் குனி, சீட்டை விட்டு எழும்பு என்று பயிற்சியாளர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். அந்தக் குனிவு முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தபோதே நான் ராணிமேல் ஏறினேன்.

நடை நன்றாக வந்தது. துள்ளோட்டமும் வந்தது. டீச்சர் தலையசைத்தார். அடுத்தது பாய்ச்சல், அதிலிருந்து கொடிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பாய்ச்சலில் ராணி கொஞ்சம் உற்சாகமாகிவிட்டாள். கொடி நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகப் பக்கத்தில் வந்தது.

குதிரையை நிறுத்த வேண்டுமானால் முதுகை நிமிர்த்தி, சேணத்தில் அழுந்த உட்கார்ந்து, கடிவாள வாரை மெல்ல இறுக்க வேண்டும். இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் பயந்த நேரத்தில் என் உடம்பு அன்று காலை படித்த பாடத்தைத்தான் ஒப்பித்தது. குனிந்தேன். சேணத்தை விட்டு எழும்பினேன். இரண்டு கை விரல்களாலும் பிரேக்கைப் பிடிப்பதுபோல் வாரைப் பிசைந்தேன். குனிந்ததில் வார் தளர்ந்து தொங்கியது. முன்னால் குனிந்து எழும்பினால் குதிரைக்கு ஒரே அர்த்தம்தான்: ஓடு. ராணி கீழ்ப்படிதல் உள்ள குதிரை. ஓடினாள்.

பயம் ஏற ஏற நான் இன்னும் குனிந்தேன். இன்னும் பிசைந்தேன். அவளும் இன்னும் ஓடினாள். டீச்சர் "இருந்நோ, நிவர்ந்நு இருந்நோ" என்று நிமிர்ந்து உட்காரச் சொல்லிக் கூவியது காதில் விழுந்தது, உடம்பில் விழவில்லை. புல் வண்டி உள்ளே வருவதற்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். ராணி அந்தத் திறப்பைப் பார்த்துவிட்டாள். கேட்டுக்கு அப்பால் பெரிய ரோடு. நாகர்கோவில் பஸ்கள் பறந்துகொண்டிருந்தன.

அப்போது அப்பாவைப் பார்த்தேன். திறந்த கேட்டின் நடுவில் நின்றார். கையில் வேட்டித் துண்டு. ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு துண்டைப் போட்டுவிட்டு, என் சைக்கிளை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கி, கேட்டுக்குக் குறுக்கே எறிந்தார். அது தரையில் விழுந்த சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. அத்தோடு நிற்கவில்லை. அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

ராணி சத்தத்தில் மிரண்டு, முன்கால்களை ஊன்றி நின்றாள். நான் அவள் கழுத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். அவளுடைய ஒரு குளம்பு முன் சக்கரத்தின்மேல் இறங்கியிருந்தது. டீச்சர் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்து என்னை இறக்கினார். ராணிக்குக் கீறல்கூட இல்லை. எனக்கும் இல்லை. சைக்கிளின் முன் சக்கரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது.

நான் ஓவென்று அழுதேன். எல்லோரும் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார்கள். நான் அழுதது சைக்கிளுக்காக. எது வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே அப்பா தீர்மானித்துவிட்டார், அதையும் எல்லோருக்கும் முன்னால் போட்டு உடைத்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரம். கேட்டைச் சாத்தியிருக்கலாமே? கல்லை எடுத்துப் போட்டிருக்கலாமே? உலகத்தில் வேறு பொருளே கிடைக்கவில்லையா?

சைக்கிளை டீச்சரின் கொட்டகையில் விட்டுவிட்டு ஸ்கூட்டருக்கு வந்தோம். அப்பா சாவியைப் போடப் போனார். அது கீழே விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. பிறகு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பெட்ரோல் தீந்துபோச்சு, நடக்கலாம்" என்றார்.

அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு முன்னே நடந்தார். நான் தலைக்கவசத்தைக் கழற்றாமல், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னே நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எது வேணும்னு தீர்மானிச்சியோ?"

"ரெண்டும்" என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னேன்.

"சரி" என்றார் அப்பா. "புதுச் சக்கரம் போட்டுக்கலாம்."

இவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளை உடைத்த குற்ற உணர்ச்சியில் மனுஷர் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். கோபமெல்லாம் போய், அவரைக் கேலி பண்ணலாம்போல் உற்சாகம் வந்தது. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் ரோட்டோரத்துப் பெட்ரோல் பங்க்கைத் தாண்டினோம். அவர் வாரா வாரம் பெட்ரோல் போடுகிற பங்க். அங்கிருந்தவர் கையைக்கூடத் தூக்கினார். அப்பா தலையாட்டிவிட்டு, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நேராகப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இதைத்தான் அம்மாவிடம் முதலில் சொன்னேன். குதிரை ரோட்டைப் பார்த்து ஓடியதும் அப்பா சைக்கிளை எறிந்ததும் அதில் ஒரு வரியாகத்தான் வந்தன. சாவியை இரண்டு தரம் கீழே போட்டுவிட்டு, பெட்ரோல் இல்லை என்று கரமனை வரைக்கும் வண்டியைத் தள்ளியவர், பங்க் வாசலிலேயே நடந்து போயும் பெட்ரோல் போடாமல் வந்த கதையை நடித்துக் காட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கூடத்துக்குப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நல்ல ஹாஸ்யம் வீணாகப் போயிற்றே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.